புள்ளியிட்ட சுரங்கள்: ஒரே புள்ளி ஓரிடத்தில் ஒன்றையும் வேறோரிடத்தில் அரையையும் கூட்டுவது ஏன்?

ஈசூன் பெற்றோர்

வணக்கம். என் மகள் பியானோ பயில்கிறாள். இவ்வாண்டு இரண்டாம் நிலை இசைக் கோட்பாட்டுத் தேர்வுக்கு ஆயத்தமாகி வருகிறாள். நான் சிறு வயதில் கர்நாடக வாய்ப்பாட்டு கற்றவள் என்பதால் வீட்டில் அவள் பயிற்சி செய்யும்போது அருகில் அமர்ந்து உதவ முயல்கிறேன். ஆயினும் ஐந்து கோட்டுக் குறியீட்டில் சுரத்தின் வலப்பக்கத்தில் வரும் புள்ளியை அவளுக்கு எப்படி விளக்குவது என்று எனக்குத் தெரியவில்லை.

அவள் முன்பு சென்ற வகுப்பில் "புள்ளி இருந்தால் ஒன்று கூட்டிக்கொள்" என்று கற்பித்திருக்கிறார்கள். மினிமுக்கு இரண்டு எண்ணிக்கை, புள்ளியிட்ட மினிமுக்கு மூன்று என்பதால் அந்த விதி சரியாகவே இருந்தது. பின்னர் ஓர் எண்ணிக்கையுள்ள கிராச்செட்டுக்குப் புள்ளி வந்தபோது அதற்கு ஒன்றரை என்கிறார்கள்; அரை எண்ணிக்கையுள்ள குவேவருக்குப் புள்ளி வந்தால் முக்கால் என்கிறார்கள். ஒரே புள்ளி மூன்று இடங்களில் மூன்று விதமாக நடந்துகொள்வதாக அவள் முறையிடுகிறாள்.

இதற்கு மேல் இன்னொரு சிக்கலும் உண்டு. நான் கற்ற சுரக் குறிப்பில் எழுத்தின் மேல் புள்ளி இட்டால் அது தாரஸ்தாயி (மேல் ஸ்தாயி). கீழே இட்டால் மந்திரஸ்தாயி (கீழ் ஸ்தாயி). இங்கோ மேலேயும் கீழேயும் புள்ளி வருகிறது, ஆனால் ஸ்தாயி மாறுவதில்லை. பொறுமையுடன் விளக்கக்கூடியவர்கள் எழுதினால் நன்றியுடையவளாக இருப்பேன்.

பியானோ ஆசிரியை, தெம்பனிஸ்

சகோதரிக்கு வணக்கம். உங்கள் மகளின் முறையீடு நியாயமானது. அவளுக்குக் கொடுக்கப்பட்ட விதிதான் தவறு. புள்ளி ஒருபோதும் ஒரு நிலையான அளவைக் கூட்டுவதில்லை. தான் ஒட்டி நிற்கும் சுரத்தின் கால அளவில் பாதியை அந்தச் சுரத்தோடு சேர்ப்பது மட்டுமே அதன் வேலை. மினிமின் பாதி ஒரு கிராச்செட் என்பதால் அங்கே "ஒன்று" கூடியது தற்செயலாகப் பொருந்திவிட்டது. அந்தத் தற்செயலை விதியாக்கிக் கற்பித்தால் அடுத்த பாடத்திலேயே பிள்ளை தடுமாறும்.

ஆண்டிறுதியில் எல்லா ஊழியர்களுக்கும் அரை மாதச் சம்பளம் ஊக்கத்தொகை என்று ஒரு நிறுவனம் அறிவிப்பதாக வைத்துக்கொள்ளுங்கள். 4,000 வெள்ளி வாங்குபவருக்கு 2,000 கிடைக்கும். 2,000 வாங்குபவருக்கு 1,000 கிடைக்கும். அறிவிப்பு ஒன்றுதான், தொகைதான் வேறு. புள்ளி அத்தகைய அறிவிப்பு.

ஆகவே 4/4 தாளக் குறியில் (ஒரு பாருக்கு, அதாவது இரு செங்குத்துக் கோடுகளுக்கு இடைப்பட்ட பகுதிக்கு, நான்கு கிராச்செட்) செமிபிரீவ் நான்கு, புள்ளியுடன் ஆறு. மினிம் இரண்டு, புள்ளியுடன் மூன்று. கிராச்செட் ஒன்று, புள்ளியுடன் ஒன்றரை. குவேவர் அரை, புள்ளியுடன் முக்கால். செமிபிரீவுக்குப் புள்ளி இட்டால் 4/4 பாரில் இடம் போதாது என்பதால் அதை 3/2 போன்ற பெரிய பார்களில்தான் காண முடியும்.

இந்த எண்ணிக்கைகளையும் மனப்பாடம் செய்ய வைக்காதீர்கள். புள்ளியிட்ட மினிம் 4/4 தாளக் குறியில் மூன்று தட்டு. 2/2 தாளக் குறியில் மினிமே ஒரு தட்டாகிவிடுவதால் அதே சுரம் ஒன்றரைத் தட்டு. 6/8 தாளக் குறியில் புள்ளியிட்ட கிராச்செட்டே ஒரு தட்டு என்பதால் அதே சுரம் இரண்டு தட்டு. மாறாமல் இருப்பது "தன் அளவும் அதில் பாதியும்" என்ற விகிதம் ஒன்றே.

புள்ளி நிற்கும் இடத்தைப் பற்றியும் கேட்டிருந்தீர்கள். வலப்பக்கத்தில் நின்றால் அது நீட்டும் புள்ளி. சுரத்தின் தலைக்கு மேலேயோ கீழேயோ நின்றால் அது ஸ்டக்காட்டோ. அதாவது சுரத்தைத் துண்டித்து, ஏறத்தாழப் பாதி நேரமே ஒலிக்கவிட்டு, எஞ்சிய நேரத்தை மௌனமாக விட வேண்டும் என்பதற்கான குறி. பக்கத்தில் நிற்கும் புள்ளி பாதியைக் கூட்டுகிறது, தலைமேல் நிற்கும் புள்ளி ஏறத்தாழப் பாதியைக் குறைக்கிறது என்று சொன்னால் பிள்ளைகள் சிரித்துக்கொண்டே நினைவில் வைத்துக்கொள்கிறார்கள். இரண்டும் ஒரே சுரத்தில் சேர்ந்து வருவதும் உண்டு. ஸ்தாயியைக் காட்ட இக்குறியீட்டில் புள்ளி தேவையே இல்லை; சுரம் கோடுகளில் எவ்வளவு உயரத்தில் நிற்கிறது என்பதே அதைச் சொல்லிவிடுகிறது.

எழுதும்போது கவனிக்க வேண்டியது ஒன்று உண்டு. சுரத்தின் தலை இரு கோடுகளுக்கு இடையே இருந்தால் புள்ளி அதே இடைவெளியில் வரும். தலை ஒரு கோட்டின் மேல் அமர்ந்திருந்தால் புள்ளியைக் கோட்டின் மீதே வைக்கக் கூடாது. அதற்கு மேலுள்ள இடைவெளியில் வைக்க வேண்டும், இல்லாவிட்டால் கோட்டில் கலந்து கண்ணுக்குத் தெரியாமல் போகும். தேர்வுத் தாள்களில் பிள்ளைகள் அடிக்கடி மதிப்பெண் இழப்பது இதில்தான்.

மிருதங்க மாணவர்

ஆசிரியை அவர்கள் சொன்ன விகிதத்தைத் தாளம் போடத் தெரிந்த வீட்டில் இன்னும் எளிதாகப் புரியவைக்கலாம். புள்ளியிட்ட சுரம் தனியாக வருவது அரிது. பெரும்பாலும் அதன் பின்னால் குறையை நிரப்ப ஒரு சிறு சுரம் வந்து நிற்கும். புள்ளியிட்ட மினிமுக்குப் பின் கிராச்செட், புள்ளியிட்ட கிராச்செட்டுக்குப் பின் குவேவர், புள்ளியிட்ட குவேவருக்குப் பின் செமிகுவேவர் (குவேவரில் பாதி). மூன்று இணைகளிலும் முதலாவது மூன்று பங்கு, இரண்டாவது ஒரு பங்கு, ஆக நான்கு பங்கு.

நான்கு பங்கு என்றால் நமக்குத் "தகதிமி" என்னும் தாளச் சொற்கட்டு. கையால் தாளத்தைப் போட்டுக்கொண்டு, வாயால் தகதிமி என்று சொல்லிக்கொண்டு, "த" என்னும் இடத்தில் ஒரு சுரத்தை எடுத்து "தி" முடியும் வரை பிடித்து, "மி"யில் அடுத்த சுரத்தைப் போட்டால் மூன்று இணைகளும் சரியாக வந்துவிடும். மாறுவது தகதிமி எத்தனை தட்டுகளில் முடிகிறது என்பது மட்டுமே: முதல் இணைக்கு நான்கு தட்டு, இரண்டாவதற்கு இரண்டு, மூன்றாவதற்கு ஒன்று. மூன்று காலங்களில் சொல்லிப் பழகுவது நமக்குப் புதிதன்று. மகளுக்கும் அதே பயிற்சிதான் இது.

நம் குறிப்பில் எழுதியும் காட்டலாம். பேத்தோவன் 1824-இல் அரங்கேற்றிய ஒன்பதாம் சிம்பொனியின் இறுதிப் பகுதியில் வரும் மெட்டைப் பெரும்பாலான பியானோ மாணவர்கள் தொடக்க நிலையிலேயே வாசிக்கிறார்கள். கிராச்செட்டை இரண்டு அட்சரமாகவும் (அட்சரம் என்பது தாளத்தின் எண்ணிக்கை அலகு) குவேவரை ஒரு அட்சரமாகவும் கொண்டால் அதன் முதல் நான்கு பார்கள் இப்படி வரும்:

கா கா மா பா | பா மா கா ரீ | ஸா ஸா ரீ கா | கா , ரி ரீ ;

கடைசிப் பாரில் "கா" இரண்டு அட்சரம், காற்புள்ளி ஒன்று, ஆக மூன்று. அதுவே புள்ளியிட்ட கிராச்செட். "ரி" ஒன்று, "ரீ"யும் அரைப்புள்ளியும் சேர்ந்து நான்கு. கூட்டினால் எட்டு. மேலை முறையில் சுரத்துக்குப் பக்கத்தில் இடும் புள்ளியும் நம் காற்புள்ளியும் இந்த ஓரிடத்தில் ஒரே வேலையைச் செய்கின்றன. வேறுபாடு என்னவென்றால், நம் காற்புள்ளி எந்தச் சுரத்தின் பின்னால் வந்தாலும் எப்போதும் ஓர் அட்சரம்தான்.

பாடகர் குழு உறுப்பினர்

மிருதங்க மாணவர் காட்டிய வழி கணக்கைச் சரியாகத் தரும் என்பதில் ஐயமில்லை. ஆனால் பாடுபவர்களிடமும், குழல் வாத்தியம் வாசிப்பவர்களிடமும் இதை அப்படியே கொடுத்தால் ஒரு கெட்ட பழக்கம் ஒட்டிக்கொள்வதைக் கண்டிருக்கிறேன். "தகதி" என்று உள்ளுக்குள் சொல்லிக்கொண்டே பாடுகிறவர்கள் அந்த ஒவ்வோர் எழுத்துக்கும் குரலைச் சிறிது அழுத்துகிறார்கள். ஒரே மூச்சாக நீள வேண்டிய சுரம் மூன்று துண்டுகளாகக் கேட்கிறது. "மி"யில் விழும் சிறு சுரமோ, அது அடுத்த தட்டை நோக்கி இலேசாகச் செல்ல வேண்டியதாக இருக்க, தனக்கே ஒரு தட்டு உள்ளது போலப் பலமாக ஒலிக்கிறது.

எனவே எண்ணிக்கை பிடிபட்டவுடன் சொற்கட்டை வாயிலிருந்து எடுத்துவிட்டு, கையில் தட்டை மட்டும் வைத்துக்கொண்டு பாட வைப்பது நல்லது. புள்ளியிட்ட கிராச்செட்டின் இரண்டாவது தட்டு சுரத்தின் நடுவில், ஒலி தொடர்ந்துகொண்டிருக்கும்போது விழுகிறது. அந்தத் தட்டை உணர வேண்டும், ஆனால் ஒலிக்கக் கூடாது. புள்ளியிட்ட சுரத்தில் உள்ள உண்மையான கடினம் அதுதான். கூட்டல் கணக்கு அன்று.

மிருதங்க மாணவர்

ஐயா சொல்வதை ஏற்கிறேன். பாடும்போது சொல்லும் சொற்கட்டு வேறு, பழகும்போது சொல்லும் சொற்கட்டு வேறு. ஆனால் பத்து வயதுப் பிள்ளைக்குத் தட்டை உணர்வதற்கு முன்னால் அது எங்கே விழுகிறது என்று தெரிந்தாக வேண்டும் அல்லவா? வகுப்புகளில் சொல்லும் "ஒன் அண்ட் டூ அண்ட்" முறையிலும் அதே ஆபத்து இருக்கத்தான் செய்கிறது. அதை யாரும் குறை சொல்வதில்லை.

சீன இசைக்குழு முன்னாள் உறுப்பினர்

இந்த உரையாடலில் மூன்றாவது குறியீடு ஒன்றையும் சேர்க்க விரும்புகிறேன், ஏனெனில் சிங்கப்பூரில் பல தமிழ்ப் பிள்ளைகள் அதையும் எதிர்கொள்கிறார்கள். உயர்நிலைப் பள்ளியில் என் இணைப்பாட நடவடிக்கை சீன இசைக்குழு. அங்கே எங்களுக்குக் கொடுத்தது ஜியன்பு எனப்படும் எண் குறியீடு. ஸ ரி க ம ப த நி என்பதற்குப் பதிலாக 1 முதல் 7 வரையிலான எண்கள் வரும்.

அதில் புள்ளிக்கு இரண்டு வேலைகள் உள்ளன. எண்ணின் மேல் வந்தால் மேல் ஸ்தாயி, கீழ் வந்தால் கீழ் ஸ்தாயி. இது நம் சுரக் குறிப்பைப் போன்றது. எண்ணின் வலப்பக்கத்தில் வந்தால் அளவில் பாதியைக் கூட்டும். இது ஐந்து கோட்டுக் குறியீட்டைப் போன்றது. எனவே ஒரே எண்ணுக்கு மேலே ஒரு புள்ளியும் பக்கத்தில் ஒரு புள்ளியும் இருந்தால், மேல் ஸ்தாயியில் ஒன்றரை மடங்கு நீளம் என்று படிக்க வேண்டும். ஈசூன் சகோதரி சொன்ன குழப்பம் இங்கேதான் உச்சத்தை அடைகிறது. வீட்டில் ஒரு முறை, பியானோ வகுப்பில் ஒரு முறை, பள்ளியில் இரண்டும் கலந்த ஒரு முறை.

ஆனால் ஜியன்பு ஒரு விதத்தில் தெளிவானது. வெறும் எண் ஒரு கிராச்செட். எண்ணுக்கு அடியில் ஒரு கோடு இட்டால் குவேவர், இரண்டு கோடுகள் இட்டால் செமிகுவேவர். நீளமான சுரங்களை எண்ணுக்குப் பின் சிறு கிடைக்கோடுகள் இட்டு நீட்டுவார்கள். ஒவ்வொரு கோடும் ஒரு கிராச்செட். புள்ளியிட்ட மினிமைப் புள்ளியால் காட்டாமல் எண்ணும் இரண்டு கிடைக்கோடுகளுமாக எழுதுவதே வழக்கம். புள்ளி கிராச்செட்டுக்கும் அதைவிடச் சிறியவற்றுக்குமே பயன்படுகிறது. எனவே எங்களில் யாருக்கும் "புள்ளி என்றால் ஒன்று" என்ற எண்ணம் தோன்ற வழியே இருக்கவில்லை.

ஈசூன் பெற்றோர்

அனைவருக்கும் நன்றி. விகிதம் என்ற விளக்கத்தை மகள் உடனே பிடித்துக்கொண்டாள், தகதிமியும் உதவியது. அடுத்த கேள்வி ஒன்று எழுந்துள்ளது. பயிற்சி நூலில் ஐந்து குவேவர் நீளமுள்ள ஒரு சுரத்தை எழுதச் சொல்லியிருந்தார்கள். அவள் மினிமுக்குப் புள்ளி இட்டாள். நான்கு குவேவரோடு ஒன்று கூட்டியதாக அவள் நினைப்பு. பழைய விதி இன்னும் முழுதாக விலகவில்லை போலும். சரியான விடையில் மினிமும் குவேவரும் ஒரு வளைகோட்டால் இணைக்கப்பட்டுள்ளன. ஐந்துக்கு ஏன் புள்ளியால் எழுத முடியாது? புள்ளி இருக்கும்போது வளைகோடு எதற்கு?

பியானோ ஆசிரியை, தெம்பனிஸ்

மினிமில் நான்கு குவேவர்கள் உள்ளன. புள்ளி அதில் பாதியை, அதாவது இரண்டைக் கூட்டும். எனவே கிடைப்பது ஆறு. ஐந்தை நேரடியாகத் தரும் சுரம் மேலைக் குறியீட்டில் இல்லை. டை எனப்படும் அந்த வளைகோடு ஒரே உயரத்தில் அடுத்தடுத்து நிற்கும் இரண்டு சுரங்களைச் சேர்க்கிறது; இரண்டாவதைப் புதிதாக எடுக்காமல் முதலாவதையே நீட்டிப் பிடிக்க வேண்டும். வெவ்வேறு உயரத்தில் உள்ள சுரங்களின் மேல் வளைகோடு வந்தால் அது ஸ்லர் எனப்படும். அதன் பொருள் வேறு.

புள்ளியால் முடிந்த இடத்திலும் டை கட்டாயமாகும் சூழல்கள் உள்ளன. சுரம் ஒரு பாரிலிருந்து அடுத்த பாருக்குள் நீண்டால் நடுவிலுள்ள செங்குத்துக் கோட்டைப் புள்ளியால் தாண்ட முடியாது. நான்காவது தட்டில் தொடங்கி ஒன்றரைத் தட்டு நீளும் சுரத்தை, கிராச்செட்டாக எழுதிக் கோட்டுக்கு அப்பால் ஒரு குவேவரோடு டையால் இணைக்க வேண்டும். பதினெட்டாம் நூற்றாண்டுக் கையெழுத்துப் படிகளில் புள்ளியை மட்டும் அடுத்த பாரில் தனியே வைத்துவிடும் வழக்கமும் இருந்தது. இன்று அது வழக்கொழிந்துவிட்டது.

இன்னொரு சூழல் கண்ணுக்கு உதவுவதற்கானது. 6/8 தாளக் குறியில் ஒரு பாரில் இரண்டு தட்டுகள். ஒவ்வொரு தட்டும் ஒரு புள்ளியிட்ட கிராச்செட். பாரின் தொடக்கத்தில் நான்கு குவேவர் நீளமுள்ள சுரம் வந்தால் அதை மினிமாக எழுதினால் கூட்டல் சரிதான். ஆனால் இரண்டாவது தட்டு எங்கே தொடங்குகிறது என்பது மறைந்துவிடும். அதனால் புள்ளியிட்ட கிராச்செட்டை ஒரு குவேவரோடு டையால் இணைத்து எழுதுகிறோம். கண்ணால் பார்த்தவுடன் தட்டு தெரிய வேண்டும் என்பதுதான் இந்த விதிகள் அனைத்தின் அடிப்படை.

மிருதங்க மாணவர்

ஐந்துக்குச் சுரம் இல்லை என்று ஆசிரியை அவர்கள் சொன்னதை நம் தாள ஜாதிகளோடு (3, 4, 5, 7, 9 என்னும் எண்ணிக்கை வகைகள்) வைத்துப் பார்த்தேன். சுவையான ஒன்று புலப்பட்டது. மேலைக் குறியீட்டில் ஒவ்வொரு சுரமும் அடுத்ததைவிட இரு மடங்கு: 1, 2, 4, 8 என்று போகும். ஒரு புள்ளி இட்டால் 3, 6, 12 கிடைக்கின்றன. இரண்டு புள்ளிகளும் இடலாம். இரண்டாவது புள்ளி முதல் புள்ளி கூட்டியதில் பாதியைக் கூட்டும். எனவே நான்கு குவேவர் உள்ள மினிமுக்கு இரண்டு புள்ளிகள் இட்டால் நான்கும் இரண்டும் ஒன்றும் சேர்ந்து ஏழு.

இப்போது ஐந்து ஜாதிகளையும் எடுத்துக்கொள்வோம். சதுஸ்ரம் நான்குக்குப் புள்ளி இல்லாத மினிம் போதும். திஸ்ரம் மூன்றுக்குப் புள்ளியிட்ட கிராச்செட். மிஸ்ரம் ஏழுக்கு இரட்டைப் புள்ளி இட்ட மினிம். கண்டம் ஐந்துக்கும் சங்கீர்ணம் ஒன்பதுக்கும் எத்தனை புள்ளிகள் இட்டாலும் ஒற்றைச் சுரம் கிடைக்காது. அவற்றை டையால்தான் கட்ட வேண்டும். ஐந்தை நான்கும் ஒன்றுமாகவோ மூன்றும் இரண்டுமாகவோ பிரிப்பார்கள். 9/8 பார் முழுவதும் ஒரே சுரம் நீண்டால் புள்ளியிட்ட மினிமையும் புள்ளியிட்ட கிராச்செட்டையும் இணைப்பார்கள், ஆறும் மூன்றுமாக.

நம் குறிப்பில் இந்தத் தடை இல்லை. "ஸா ; ," என்றால் ஐந்து; "ஸா ; ; ; ," என்றால் ஒன்பது. ஒவ்வொரு குறியும் நிலையான அளவைக் கூட்டுவதால் எந்த எண்ணும் கைக்கெட்டும். ஆனால் "ஸா" என்று மட்டும் எழுதியிருப்பதைப் பார்த்து அது தட்டின் எந்தப் பகுதியில் விழுகிறது என்று அறிய முடியாது. அட்சரங்களை எண்ணிக்கொண்டே வர வேண்டும். ஐந்து கோட்டுக் குறியீட்டில் சுரத்தின் உருவமே தன் அளவைச் சொல்லிவிடுகிறது. அந்த வசதிக்குக் கொடுக்கும் விலைதான் ஐந்து இல்லாமல் போவது என்று எனக்குத் தோன்றுகிறது.

எண்களில் ஆர்வமுள்ள வாசகர்

சுருக்கமாக ஒரு குறிப்பு. ஒரு புள்ளிக்கு அளவு ஒன்றரை மடங்கு, இரண்டுக்கு 1.75 மடங்கு, மூன்றுக்கு 1.875 மடங்கு. எத்தனை புள்ளிகள் சேர்த்தாலும் இரு மடங்கை நெருங்குமே தவிர எட்டாது. எட்டிவிட்டால் அது அடுத்த பெரிய சுரமாகவே ஆகிவிடும் என்பதால் குறியீடு தன்னோடு முரண்படாமல் இருக்கிறது. இரண்டு புள்ளிகள் என்றால் "இரண்டு பாதிகள், எனவே ஒரு முழு" என்று கணக்கிடும் பிள்ளைகளுக்கு இதைக் காட்டலாம்: அப்படியானால் இரட்டைப் புள்ளி இட்ட கிராச்செட் ஒரு மினிமாகிவிடும், பிறகு மினிம் எதற்கு?

பாடகர் குழு உறுப்பினர்

இரட்டைப் புள்ளியின் பேச்சு வந்ததால், கணக்குக்கு அப்பாற்பட்ட ஒன்றைச் சொல்லத் தோன்றுகிறது. எழுதிய புள்ளியும் வாசிக்கும் புள்ளியும் எல்லாக் காலத்திலும் ஒன்றாக இருந்ததில்லை.

மொசார்ட்டின் தந்தையான லியோபோல்ட் மொசார்ட் 1756-இல் வயலின் பயிற்சி நூல் ஒன்றை வெளியிட்டார். மெதுவான பகுதிகளில் புள்ளியிட்ட சுரத்தை அதன் அளவைவிடச் சற்று அதிகமாகப் பிடித்துவிட்டு, அடுத்து வரும் சிறு சுரத்தை இன்னும் சுருக்கமாக வாசிக்க வேண்டும் என்று அதில் அறிவுறுத்துகிறார்; அதைத் தெளிவாகக் காட்ட இரண்டு புள்ளிகள் இடலாம் என்றும் பரிந்துரைக்கிறார். இரட்டைப் புள்ளி பரவலாகாத அக்காலத்தில் ஒற்றைப் புள்ளி ஓரளவு நெகிழ்வான குறியாகவே இருந்திருக்கிறது. 1742-இல் டப்ளினில் முதன்முதலாக நிகழ்த்தப்பட்ட ஹேண்டலின் மெசையா தொடக்க இசையில் புள்ளியிட்ட சுரங்கள் நிறைய வருகின்றன. அவற்றை எழுதியபடியே வாசிக்கும் குழுக்களும் உண்டு, இரட்டைப் புள்ளி இட்டது போல விறைப்பாக வாசிக்கும் குழுக்களும் உண்டு. எது சரி என்ற சர்ச்சை அறிஞர்களிடையே இன்றும் ஓயவில்லை. இரண்டு விதமான ஒலிப்பதிவுகளையும் அடுத்தடுத்துக் கேட்டால், ஒரு புள்ளியின் பாதி எவ்வளவு பெரிய வேறுபாட்டை உண்டாக்குகிறது என்பது விளங்கும்.

இன்னும் பின்னோக்கிப் போனால் நிலைமை தலைகீழாக உள்ளது. பதினான்காம் நூற்றாண்டு ஐரோப்பியக் குறியீட்டில் ஒரு சுரம் மூன்றாகப் பிரிவதை முழுமை என்றும், இரண்டாகப் பிரிவதைக் குறை என்றும் கொண்டார்கள். மூன்றாகப் பிரியும் தாளத்துக்கு முழு வட்டமும், இரண்டாகப் பிரிவதற்கு ஒரு பக்கம் திறந்த வட்டமும் குறியாக இருந்தன. இன்று 4/4 தாளக் குறிக்குப் பதிலாக நாம் எழுதும் சி போன்ற வடிவம் அந்தத் திறந்த வட்டத்தின் வழிவந்ததுதான். முழு வட்டம் இருந்தால் புள்ளி இல்லாமலேயே சுரம் மூன்றாக நிற்க முடிந்தது. இரண்டாகப் பிரிவதே இயல்பு என்று ஆன பிறகு, மூன்று வேண்டும் இடத்திலெல்லாம் புள்ளி இட வேண்டியதாயிற்று. 6/8 தாளக் குறியில் பக்கம் முழுவதும் புள்ளிகளாக இறைந்து கிடப்பது அதனால்தான்.

ஈசூன் பெற்றோர்

6/8 பற்றிச் சொன்னதால் ஒன்றைக் கேட்டுவிடுகிறேன். மகளின் பயிற்சிப் பாடம் ஒன்றின் தலைப்பில் புள்ளியிட்ட கிராச்செட் சமம் 60 என்று அச்சிட்டிருக்கிறது. கைப்பேசியில் தட்டுகளை ஒலிக்கும் மெட்ரோனோம் செயலியில் நிமிடத்துக்கு 60 வைத்து வாசித்தாள். ஒரு பாருக்கு மூன்று தட்டு என்று அவளே கணக்கிட்டுக்கொண்டாள். கேட்பதற்கு நடனம் போலவே இல்லை, இழுவையாக இருந்தது.

பியானோ ஆசிரியை, தெம்பனிஸ்

அவள் ஒவ்வொரு தட்டுக்கும் இரண்டு குவேவர்களை வாசித்திருக்கிறாள். அதாவது ஒரு கிராச்செட்டை ஒரு தட்டாக எடுத்துக்கொண்டிருக்கிறாள். ஆறு குவேவர்களை இரண்டிரண்டாகப் பிரித்தால் மூன்று தட்டு, அது 3/4. மூன்று மூன்றாகப் பிரித்தால் இரண்டு தட்டு, அதுதான் 6/8. பாரில் உள்ள குவேவர்களின் எண்ணிக்கை இரண்டிலும் ஆறேதான், அழுத்தம் விழும் இடம்தான் வேறு.

செயலியின் 60 அப்படியே இருக்கட்டும். ஒவ்வொரு ஒலிக்கும் மூன்று குவேவர்களை வாசிக்க வேண்டும், அதாவது நிமிடத்துக்கு 180 குவேவர்கள். அவள் வாசித்ததில் நிமிடத்துக்கு 120 தான் வந்திருக்கும். இழுவையாகக் கேட்டதற்குக் காரணம் அதுவே. முதலில் பியானோவைத் தொடாமல், ஒவ்வொரு ஒலிக்கும் ஒரு "தகிட" என்று சொல்லச் சொல்லுங்கள். 60 வேகமாக இருந்தால் 40-இல் தொடங்கலாம். சில செயலிகளில் தட்டின் அலகைப் புள்ளியிட்ட கிராச்செட்டாக மாற்றும் வசதி உண்டு. அதைத் தேர்ந்தால் தட்டுக்குள் மூன்று சிறு ஒலிகளும் கேட்கும்.

மிருதங்க மாணவர்

திஸ்ர நடையில் ஆதி தாளம் போட்டுப் பழகியிருந்தால் இது புதிதாகவே இருக்காது. தாளத்தின் எட்டு எண்ணிக்கையும் மாறாமல், ஒவ்வோர் எண்ணிக்கைக்குள்ளும் நான்குக்குப் பதில் மூன்று வருகிறது. நான்கு எண்ணிக்கைகளை ஒரு பாராக எழுதினால் 12/8. ஒவ்வோர் எண்ணிக்கையும் ஒரு புள்ளியிட்ட கிராச்செட்.

ஈசூன் பெற்றோர்

தகிட சொன்னவுடன் பாடம் ஓடத் தொடங்கிவிட்டது. கடைசியாக ஒன்று: மௌனக் குறிகளுக்கும் புள்ளி இடலாமா? 3/4 தாளக் குறியில் ஒரு பார் முழுவதும் மௌனம் என்றால் மினிம் மௌனத்துக்குப் புள்ளி இட வேண்டும் என்று மகள் சொல்கிறாள்.

பியானோ ஆசிரியை, தெம்பனிஸ்

கணக்கின்படி அவள் சொல்வது சரி. வழக்கு அப்படி இல்லை. ஒரு பார் முழுவதும் மௌனமாக இருந்தால், அது 2/4 ஆனாலும் 3/4 ஆனாலும் 6/8 ஆனாலும், செமிபிரீவ் மௌனக் குறியைப் புள்ளியின்றி நடுவில் இடுவதே முறை. அங்கே அது "இந்தப் பார் முழுவதும்" என்று பொருள்படும்.

பாரின் ஒரு பகுதி மட்டும் மௌனமானால், 2/4, 3/4, 4/4 ஆகியவற்றில் ஒன்றரைத் தட்டு மௌனத்தைப் பெரும்பாலும் கிராச்செட் மௌனமும் குவேவர் மௌனமுமாகப் பிரித்தே எழுதுகிறோம், ஒவ்வொரு தட்டும் தனித்தனியே தெரிய வேண்டும் என்பதற்காக. எது முன்னால் வரும் என்பது மௌனம் எங்கே தொடங்குகிறது என்பதைப் பொறுத்தது: தட்டின் தொடக்கத்தில் என்றால் கிராச்செட் மௌனம் முதலில், தட்டின் நடுவில் என்றால் குவேவர் மௌனத்தால் அந்தத் தட்டை முடித்துவிட்டுப் பிறகு கிராச்செட் மௌனம். 6/8 தாளக் குறியில் ஒரு முழுத் தட்டு மௌனம் என்றால் புள்ளியிட்ட கிராச்செட் மௌனத்தைத் தாராளமாக எழுதலாம். தேர்வில் விடுபட்ட இடத்தை மௌனக் குறிகளால் நிரப்பச் சொல்லும் வினாவில் அவள் முதலில் தட்டுகளின் எல்லைகளைப் பென்சிலால் மெல்லக் குறித்துக்கொண்டு, அதன் பிறகு நிரப்பட்டும்.